சில்லுத் தொலைத்த வீடு

அத்தியாயம் 4

“அக்கா, என்ரை வீட்டின்ரை சில்லைக் காணேல்லை” என்றார் யோகராஜா.

கிளமென்ற் சுவிசுக்கு வந்த நான்கு வருடங்களில் மனோகரி அக்காவோடு சேர்ந்து என்னென்னவோ தேடியிருக்கிறான். சைக்கிள் தேடியிருக்கிறான். தாலிக்கொடி தேடியிருக்கிறான். கலியாண எழுத்துக்கு முதல்நாள் ஜெனீவா ரயிலில் ஏறிவிட்ட மாப்பிள்ளை ஒருவரைக்கூடத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறான். ஆனால் வீட்டுக்குச் சில்லு இருக்கும் என்பதே அவனுக்குப் புதினமாக இருந்தது.

“எத்தனை சில்லு அண்ணை?”

“நாலு.”

“ஸ்பெயர் சில்லும் சேர்த்தோ?”

மனோகரி திரும்பிப் பார்த்தாள். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். கிளமென்ற் மூடினான். அதிக நேரம் மூடிக் கிடக்கிற வாய் இல்லை அது என்பது மனோகரிக்கும் தெரியும்.

மனோகரி கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பதினொரு வருடம் நட்டஈட்டுக் கோவைகளைக் கிண்டிக் கிளறியவள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த மேசையும் இல்லை, கொழும்பும் இல்லை. இப்போது பாடனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கிறாள். புதன்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். அன்றைக்குத்தான் சனம் தங்கள் கடிதங்களையும் கண்ணீரையும் தூக்கிக்கொண்டு அவளிடம் வரும். மன்னார்ப் பெடியன் கிளமென்ற் ஹோட்டல்களுக்கு வெளுத்த துணி ஏற்றும் வான் ஓட்டுகிறான். காலை பதினொரு மணிக்கு மேல் வானும் சும்மா, அவனும் சும்மா.

வெற்றிங்கனில் லிம்மாட் ஆற்றங்கரையோரம் ஒரு பெரிய பூந்தோட்டம். கண்ணாடிக் கூடாரங்களுக்குப் பின்னால் அந்த வீடு நின்றது. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து, அடியில் நாலு சில்லுப் பூட்டி, லொறியில் கொழுவி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. தோட்டத்து முதலாளி சேன்டர் அதை யோகராஜாவுக்கு மலிவாக விற்றிருந்தார். நிலம் முதலாளியுடையது, வீடு இவருடையது.

பத்து நாளைக்கு முன் அடித்த காற்றில் ஆற்றங்கரைப் பொப்ளர் மரம் ஒன்று அந்த வீட்டின் மேல் சாய்ந்துவிட்டது. குசினியும் ஒரு அறையும் கூரையில்லாமல் நீலப் படங்கு ஒன்றின் கீழ் கிடந்தன. யோகராஜாவும் மனைவி ஜெயமலரும் மிஞ்சிய அறையில் இருந்தார்கள்.

“நவம்பர் முடியமுதல் கூரை போடாட்டில் இதிலை இருக்க விடமாட்டம், திரும்பவும் முகாமுக்குத்தான் எண்டு கெமைன்டவிலை சொல்லிப்போட்டினம்” என்றார் யோகராஜா. கெமைன்ட என்றால் ஊர்ச்சபை. “முகாமிலை ஒரு அறைக்கு எட்டுப் பேர் அக்கா. ரண்டு வருசம் இருந்தனாங்கள். இனி ஏலாது.”

“காப்புறுதி இருக்கல்லோ?”

“இருக்கு. குகதாசன் செய்து தந்தவர். அவங்கள்தான் இப்பிடி எழுதியிருக்கிறாங்கள்.”

கடிதத்தை மனோகரி ஒருதரம் படித்தாள். பிறகு கிளமென்றிடம் நீட்டி, “உரத்து வாசி” என்றாள். தான் படித்த ஒன்றை இன்னொரு வாயால் கேட்பது அவளுடைய பழக்கம்.

கிளமென்ற் ஜேர்மனைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தான். “உங்கள் ஒப்பந்தம் றோட்டிலை ஓடக்கூடிய வீட்டு வண்டிக்கானது. எங்கடை பரிசோதகர் வந்து பார்த்தபோது வண்டிக்குச் சில்லு இல்லை. அடியிலை கொங்கிறீற். வெளிச்சுவரிலை மரப்பலகை அடிச்சிருக்கு. வாசல் பக்கத்திலை ஒரு சமயப் பொருள், மரியாதைக்காகத் தொடேல்லை. சில்லில்லாதது வண்டியில்லை. ஆகவே நட்டஈடு இல்லை.” அவன் நிமிர்ந்தான். “நல்ல மனிசன். காசு தரமாட்டான், ஆனால் சாமியிலை கை வைக்கமாட்டான்.”

“குகதாசன் என்ன சொல்லுறார்?” என்று மனோகரி கேட்டாள்.

“சில்லு களவுபோனது எண்டு சொல்லுங்கோ, தேடிப் பிடிச்சுத் திரும்பப் பூட்டுங்கோ, மிச்சத்தைத் தான் கதைச்சு வெல்லுறன் எண்டவர். இண்டைக்கு நாலு மணிக்கு ஒரு தாளோடை வாறார். கையெழுத்து வைக்கவேணுமாம்.”

“முதலாளி?”

“அவர் பட்டாளத்துக்குப் போயிட்டார்.”

“ஐயோ, இஞ்சையும் தொடங்கியிட்டுதோ?” என்றான் கிளமென்ற்.

“இல்லைத் தம்பி. வருசத்துக்கு மூண்டு கிழமை போவினம். துவக்கைத் துடைச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வருவார்.”

ஜெயமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கிளமென்ற் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான். உப்புப் போட்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை என்பதை அவனே கவனித்திருந்தான் என்றால், மனோகரி கவனிக்காமலா இருப்பாள்?

மனோகரி அந்த உப்புத் தேத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள். பிறகு வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்தாள். வடகிழக்கு மூலையில் நின்று, அடிப்பலகை ஒன்றை அசைத்துக் கழற்றச் சொன்னாள். கிளமென்ற் கழற்றினான்.

“நீங்கள் இதுக்கை குனிஞ்சு பார்த்திருக்கிறியளோ?”

“முதுகு ஒப்பரேஷன் செய்தனான் அக்கா. போன வருசம் ஜூனிலை. ஆஸ்பத்திரி ஒரு கிழமை, பிறகு கூர் எண்டு சுடுதண்ணி மடத்திலை அஞ்சு கிழமை. நான் திரும்பி வரேக்கை குளிருக்கெண்டு சுத்திப் பலகை அடிச்சிருந்தது. அண்டையிலையிருந்து சப்பாத்துக்கட்டக்கூட அவதான் குனியிறவ.”

“சரி. நீங்கள் உள்ளை போய்ச் சாய்ஞ்சிருங்கோ.”

அவர் போனதும் கிளமென்ற் புல்லில் முழுதாகப் படுத்துக் கழுத்தை உள்ளே நீட்டினான். முழங்கால் உயரத்துக்கு அழகான கொங்கிறீற் கட்டு. நூல் பிடித்த மாதிரி விளிம்பு.

“அக்கா, அருமையான கள்ளன். வீட்டை உயர்த்தி, சில்லைக் கழட்டி, வீடு நொந்துபோகக்கூடாது எண்டு அத்திவாரமும் போட்டு, பலகையும் அடிச்சுவிட்டுப் போயிருக்கிறான். என்ரை அறைக்கும் ஒருக்கால் வரச்சொல்லுங்கோவன். குழாய் ஒழுகுது.”

“வலப்பக்கம் பார். என்ன பதிஞ்சிருக்கு?”

பார்த்தான். கொங்கிறீற்றின் அடித்தட்டில் பச்சை பிடித்த ஒரு வட்டம். விரலால் உரசினான். இலங்கை ஒரு ரூபாய்க் குத்தி. அதைச் சுற்றி மஞ்சள் கறை. கொஞ்சம் தள்ளி, கொங்கிறீற் ஈரமாக இருந்தபோது விழுந்த மூன்று விரல் அடிகள். கோழி!

வானில் ஏறியதும் மனோகரி கேட்டாள். “சுவிஸ் கள்ளனுக்கு ஈசான மூலையிலை குத்தி வைக்கத் தெரியுமோ?”

“எங்கடை ஆள்தான். யோகண்ணையே செய்துபோட்டு நடிக்கிறாரோ?”

“குனிய ஏலாத மனிசன். அதோடை அந்தக் குத்தியைக் கண்டிருந்தால் அவர் எங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டார்.”

“அப்ப ஆர்?” என்று கேட்ட கிளமென்றுக்குத் திடீரென்று உப்புத் தேத்தண்ணி ஞாபகம் வந்தது. “அட மாதாவே.”

“அது அவ சொல்லட்டும். எனக்கு இப்ப வேண்டியது கோழி. பூந்தோட்டத்திலை கோழி விடமாட்டினம். கன்றெல்லாம் கிண்டிப்போடும். அப்ப வேலியாலை வந்த கோழி. வேலிக்கு அங்காலை ஆர்?”

வேலிக்கு அங்காலை ஹூபர் என்று பெயர்ப்பலகை போட்ட வீடு. ஓய்வுபெற்ற மேசன். ஆளில்லை, மனைவி நின்றாள். கோழி பார்க்க வந்தோம் என்றதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கோழிகள் இந்தக் கிழமை இங்கே இல்லை. என்னட்பாடன் ஊருக்கு மேலே, அப்பிள் தோட்டத்தில் இருக்கின்றன” என்றாள்.

“கோழிகள் விடுமுறைக்குப் போயிருக்கினமாம்” என்று கிளமென்ற் தமிழில் பெயர்த்தான். “எனக்கு வருசத்துக்கு ரண்டு கிழமைதான். அதுகளுக்கு எத்தினையோ தெரியேல்லை.”

லேகர்ன் மலை அடிவாரத்தில், திராட்சைக் கொடிகளுக்கு மேலே, அந்த அப்பிள் தோட்டத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. இரண்டு முறை பிழையான பாதையில் ஏறினார்கள். ஒருமுறை மாட்டுக்காரி ஒருத்தி திட்டினாள். கடைசியாக ஒரு திருப்பத்தில் வான் திரும்பியதும் கிளமென்ற் பிறேக்கை மிதித்தான்.

புல்வெளியின் நடுவே ஒரு கோழிக்கூடு. சின்னக் கூடு இல்லை. யன்னல், கதவு, ஏணிப்படி எல்லாம் வைத்த பலகை மாளிகை. அதன் அடியில் நாலு கம்பீரமான சில்லுகள்.

“அக்கா,” என்றான் கிளமென்ற் மெதுவாக. “கோழிக்கு வண்டி, மனிசருக்கு அத்திவாரம்.”

கூட்டுக்குப் பின்னாலிருந்து ஹூபர் வந்தார். எழுபது வயது, மீசை, புகைக்குழாய். சில்லைப் பற்றிக் கேட்டதும் ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து தோல்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். பத்தொன்பது ஆறு எண்பத்தேழு. அத்திவார வேலைக்குக் கூலியாக நாலு சில்லு பெற்றுக்கொண்டேன். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. மற்றது தமிழில், ஜெ. யோகராஜா.

“களவு என்று யார் சொன்னது?” ஹூபரின் மீசை துடித்தது. “அந்த அம்மா வேலிக்கு இங்கால் வந்து, கையாலே நிலத்தைக் காட்டி, வீடு நிற்கவேண்டும், நிற்கவேண்டும் என்று அழுதாள். நான் சேன்டரிடம் கேட்டேன். நிலம் என்னுடையது, கெமைன்டவில் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒழுங்காகச் செய் என்றார். ஒழுங்காகச் செய்தேன். முடிந்ததும் உள்ளே கூப்பிட்டாள். அடுப்பில் பால். பால் பொங்குகிறது! ஊற்றுகிறது! நான் பாய்ந்து அடுப்பை நிற்பாட்டப் போனேன். என்னுடைய கையில் அடித்துவிட்டாள்.”

கிளமென்ற் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. குடிபூரலுக்குப் பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பை அணைக்கப் பாய்ந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் இவராகத்தான் இருக்கும்.

“பிறகு அந்தப் பாலையே எனக்கும் தந்தாள். வெள்ளிக்கிழமைகளில் இன்றைக்கும் வடை வருகிறது” என்றார் ஹூபர், கொஞ்சம் இளகி. “சில்லு வேண்டுமென்றால் சொல்லுங்கள். இரண்டு நாளைக்குத் தருவேன். கோழிகள் பொறுத்துக்கொள்ளும்.”

கிளமென்றுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மணி மூன்று. நாலு மணிக்குள் சில்லுகளை வானில் ஏற்றி வெற்றிங்கனுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் விசயம் முடிந்தது. அவன் உற்சாகமாகக் கூட்டின் அடியில் குனிந்தான். அப்போதுதான் அந்தச் சேவல் வந்தது.

மன்னார்க் கடலில் சுறாவைக் கண்டவன் கிளமென்ற். அவனே சொல்லுவான், கேளாதவர்களிடமும் சொல்லுவான். ஆனால் சிவந்த கொண்டையோடு காற்சட்டையைக் கொத்த வந்த சுவிஸ் சேவலுக்கு முன்னால் அவன் அப்பிள் மரத்தைச் சுற்றி மூன்று வட்டம் ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் தூரத்தில் நடப்பதை அரைகுறையாகத்தான் பார்த்தான். மனோகரி ஹூபரிடம் ஏதோ கேட்டாள். ஹூபர் பெரிதாகத் தலையாட்டினார். பிறகு புகைக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு, காற்றில் ஒரு சுவரில் ஆணி அடிப்பதுபோல நாலு முறை கையை ஆட்டினார்.

மனோகரி வானை நோக்கி நடந்தாள். “வா, போவம்.”

“சில்லு?”

“இருக்கட்டும்.”

“அக்கா, இதுக்காகத்தான் நான் சேவலிட்டைக் கடி வாங்கினனான்.”

“சேவல் கொத்தும். கடிக்காது. ஏறு.”

வழிநெடுக அவள் காரணம் சொல்லவில்லை. கிளமென்றுக்கு இதுதான் பிடிக்காது. மூளை முழுக்க அவளிடம், ஸ்ரியரிங் மட்டும் இவனிடம். “அந்தாள் என்ன ஆணி அடிச்சுக் காட்டினவர்?” என்று இரண்டு தரம் கேட்டான். மூன்றாம் தரம் கேட்டபோது, “வீட்டிலை தேசிக்காய் இருக்கும், என்ன?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதோடு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலடிக்க ஐந்து நிமிடம். குகதாசன் முந்திக்கொண்டு வந்திருந்தார். கோட், ரை, தோல்பெட்டி. மேசையில் தாள் விரிந்திருந்தது. யோகராஜா பேனையைக் கையில் பிடித்துவிட்டார்.

“யோகராஜா, பேனையைக் கீழை வையுங்கோ” என்றாள் மனோகரி வாசலில் நின்றபடி.

“ஆர் இவ?” என்று குகதாசன் கேட்டார்.

“கூட்டித் துடைக்கிறவ. தாளை ஒருக்கால் தாங்கோ.” அவர் தருமுன்பே எடுத்துவிட்டாள். தமிழாக்கி உரத்து வாசித்தாள். “எனது வீடு நிலத்தோடு பிணைக்கப்படாத, எந்த நேரமும் இழுத்துச் செல்லக்கூடிய வண்டி என்றும், சில்லுகள் கழற்றப்பட்டதற்கு நானே பொறுப்பு என்றும் உறுதி கூறுகிறேன்.” தாளை மடித்தாள். “நல்லாய் எழுதியிருக்கிறியள், குகதாசன். இதிலை கையெழுத்து விழுந்தால் கம்பனி ஒரு சதமும் தரத் தேவையில்லை. பிழை முழுக்க இவரிலை. உங்களிலை ஒரு தூசியும் ஒட்டாது.”

“அக்கா, இது உங்களுக்கு விளங்காத விசயம்.”

“பதினொரு வருசம் இதுதான் எனக்குச் சாப்பாடு. நான் ஒண்டு கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. இந்தப் பத்திரத்தை எழுதமுதல் வீட்டை வந்து பார்த்தனீங்களோ?”

குகதாசன் ரையைச் சரிசெய்தார். யோகராஜாதான் பதில் சொன்னார். “இல்லை அக்கா. போன வருசம் ஏப்ரலிலை பாடன் ஸ்ரேசன் கோப்பிக் கடையிலை இருந்து நிரப்பினது. இந்த ஏப்ரலிலை புதுப்பிச்சதும் அங்கைதான்.”

“ஓடாத வீட்டுக்கு, ஓடுற வீட்டின்ரை காப்புறுதி. அடியிலை என்ன இருக்கெண்டு குனிஞ்சு பார்க்கவேணும். இவருக்கு முதுகு ஏலாது. உங்களுக்கு என்ன?”

“அப்ப சில்லு கிடைச்சதோ இல்லையோ?” குகதாசனின் குரல் உயர்ந்தது. “கிடைச்சால் பூட்டுவம். இல்லையெண்டால் நான் ஒண்டும் செய்ய ஏலாது.”

“கிடைச்சது” என்றாள் மனோகரி. “பூட்டப்போறேல்லை.”

யோகராஜா எழுந்துவிட்டார். “எங்கை அக்கா? எந்த நாய் எடுத்தது?”

படங்கு காற்றில் படபடத்தது. ஜெயமலர் கதவோரம் நின்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றாள்.

“என்ன நீ?”

“நான்தான் குடுத்தனான். நீங்கள் ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை. ஹூபருக்கு.”

யோகராஜா அவள் பக்கம் திரும்பினார். கிளமென்றுக்கு அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. பகிடி ஒன்று வாய் நுனிவரை வந்தது. முதல் தடவையாக அவனே அதை விழுங்கினான்.

“ஏன் மலர்? நான் சில்லைப் பார்த்துத்தானே இதை வாங்கினனான். நாளைக்கு இவங்கள் விசா இல்லையெண்டு சொன்னால், இஞ்சை இருக்கேலாது எண்டு சொன்னால், கொழுவிக்கொண்டு போகலாம் எண்டுதானே. ஒரு வீட்டையாவது விட்டிட்டுப் போகாமல் கொண்டுபோகலாம் எண்டு.”

“எனக்குத் தெரியும். நீங்கள் ஒவ்வொரு இரவும் அதைச் சொல்லித்தான் படுக்கிறனீங்கள்.” அவள் சேலைத் தலைப்பை விட்டாள். “நான் ரண்டு வீட்டை விட்டிட்டு வந்தனான். அப்பு கட்டினது ஒண்டு, சீதனமாய்த் தந்தது ஒண்டு. சில்லு வைச்ச வீட்டிலை படுத்தால் எனக்கு நித்திரையில்லை. ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி. ஒரு வீடாவது நிக்கட்டும் எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொன்னால் விட்டிருப்பியளோ? இப்ப பாருங்கோ, என்னாலை எல்லாம் போச்சு.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்று குகதாசன் சட்டென்று குறுக்கிட்டார். “வீட்டுக்காரியே கழட்டிக் குடுத்தது. கம்பனி என்ன செய்யும்?”

“கம்பனி ஒண்டும் செய்ய வேண்டாம்” என்றாள் மனோகரி. “ஜெயமலர், வெந்நீர் ஒரு சட்டியிலை கொண்டுவாங்கோ. ஒரு துணியும், பாதித் தேசிக்காயும்.”

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கதவுக்கு வலப்பக்கம், கண் மட்டத்தில், உள்ளங்கை அளவில் ஒரு பொருள் சுவரில் இருந்தது. காய்ந்த சந்தனம் தடிப்பாக அப்பி, அதன் மேல் குங்குமம், அதன் மேல் திரும்பவும் சந்தனம். மேலே ஒரு பிளாஸ்ரிக் மாலை. பரிசோதகர் மரியாதைக்காகத் தொடாத சமயப் பொருள்.

“இது எந்தச் சாமி?” என்று மனோகரி கேட்டாள்.

ஜெயமலர் திகைத்தாள். “தெரியேல்லை அக்கா. அத்திவாரம் போட்டு ஒரு கிழமையிலை ஒரு சுவிஸ் ஐயா வந்து சுத்திப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர். பிறகு ஹூபர் வந்து சுவரிலை அடிச்சுவிட்டவர். கும்பிடுற மாதிரிக் கையைக் காட்டி, நல்லது, நல்லது எண்டவர். இஞ்சத்தைச் சனத்தின்ரை குடிபூரல் வழக்கமாக்கும் எண்டு நினைச்சு நான் வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் வைக்கிறனான்.”

“பதினாறு மாதம்” என்றாள் மனோகரி. “எழுபது வெள்ளி. கழுவலாமோ?”

ஜெயமலர் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தானே துணியை வாங்கி வெந்நீரில் நனைத்துத் தேய்த்தாள். சந்தனம் இளகி மஞ்சளாக வழிந்தது. தேசிக்காய்ப் புளியால் உரசினாள். மெல்ல மெல்ல நீல எனாமல் தெரிந்தது. பிறகு வெள்ளை எழுத்து. எட்டு, ஏழு, ஒன்று.

“எங்கடை வீட்டு நம்பர் பதினாலு” என்றார் யோகராஜா குழம்பிப்போய்.

“பதினாலு தபால்காரனுக்கு. இது காப்புறுதி நம்பர்.” மனோகரி குகதாசனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்தக் கன்ரோனிலை, அதாவது இந்த மாகாணத்திலை, நிலத்திலை ஊன்றி நிக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் அரசாங்கக் காப்புறுதி கட்டாயம். நெருப்பு, காற்று, பனி, எல்லாம் அதுக்கை. வண்டிக்குக் கிடையாது, கட்டடத்துக்கு உண்டு. சில்லோடை நிண்டிருந்தால் இந்தத் தகடு வந்திருக்காது. இவர் உங்கடை தாளிலை கையெழுத்து வைச்சிருந்தால், இது கட்டடமில்லை எண்டு இவரே எழுதிக்குடுத்த மாதிரி. யோகராஜா, முதலாளி மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் நிலவாடகைத் துண்டு தாறவரல்லோ? அதை எடுங்கோ.”

துண்டு வந்தது. வாடகை, தண்ணீர், அதற்குக் கீழே ஜேர்மனில் இன்னொரு வரி, கட்டடக் காப்புறுதி. அங்கே மனோகரி விரலை வைத்தாள்.

“இதை நான் குப்பை அள்ளுற காசு எண்டு நினைச்சுக் கட்டினனான்” என்றார் யோகராஜா.

“உங்கடை கூரையைக் கட்டியிருக்கிறியள்.”

கிளமென்ற் பூந்தோட்டத்து அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கெமைன்டவுக்கு ரெலிபோன் எடுத்தான். எண்ணூற்று எழுபத்தொன்று என்றதும் மறுபக்கத்தில் ஒரு பெண் பெரிய புத்தகம் ஒன்றைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ஆம், இருக்கிறது. மரம் விழுந்து பத்து நாளாகிறதே, ஏன் இன்னும் அறிவிக்கவில்லை? நாளைக் காலை ஏழரைக்கு மதிப்பீட்டாளர் வருவார்” என்று அவள் சற்றே கண்டித்தாள். கிளமென்ற் திரும்பி ஓடிவந்து மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது, குகதாசனின் தோல்பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

“இந்த ஏப்ரலிலை வாங்கின காசைத் திருப்பிக் குடுக்கிறது பற்றி யோசியுங்கோ” என்றாள் மனோகரி அவருடைய முதுகுக்கு. “இல்லையெண்டால் அந்தத் தாளை உங்கடை கம்பனிக்கு நான் அனுப்புறன். என்னட்டை இருக்கு.”

குகதாசன் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு வாசல் இறங்கிப் போனார்.

“எல்லாம் கிடைக்கும் எண்டு நினைக்காதையுங்கோ” என்று மனோகரி இவர்கள் பக்கம் திரும்பினாள். “கூரையும் சுவரும் கட்டித் தருவினம். உள்ளை நனைஞ்ச தையல் மெசினுக்கும் ரீவிக்கும் தரமாட்டினம். அது வேறை காப்புறுதி. அதை நாங்கள் அடுத்த புதன் செய்வம். குனிஞ்சு பார்த்துச் செய்வம்.”

ஜெயமலர் தலையாட்டினாள். அவளுடைய கண் அந்தத் தகட்டிலேயே நின்றது. கழுவி வெறுமையாகிவிட்ட தகட்டைப் பார்க்க அவளுக்கு மனம் பொறுக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் எண்ணை மறைத்துத் திரும்பவும் சந்தனம் வைக்கவும் பயம்.

யோகராஜா உள்ளே போனார். இடிந்த குசினிக்குள் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். தகட்டுக்கு ஒரு சாண் மேலே, வெறுஞ்சுவரில், பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

“இனி இதிலை வை” என்றார் மனைவியிடம். “நம்பர் தெரியட்டும்.”

கிளமென்ற் செருமினான். “அப்ப அண்ணை, அந்தச் சில்லு? ஹூபர் தாறன் எண்டவர்.”

யோகராஜா பலகை கழன்று கிடந்த வடகிழக்கு மூலைக்கு நடந்தார். பதினாறு மாதமாக முடியாது என்றிருந்த முதுகை மெல்ல வளைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஜெயமலர் ஓடிப்போய் மற்றக் கையைப் பிடித்தாள். அவர் அந்த ஒரு ரூபாய்க் குத்தியைக் கனநேரம் பார்த்தார்.

“கோழியளே வைச்சிருக்கட்டும் தம்பி” என்றார். “நாங்கள் ஒரு இடமும் போகேல்லை.”